கழுத்தளவுத் தண்ணீரில் மச்சான்

என் அக்காவைக் கட்டியவர் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மிஷின் ஓட்டுபவர். அச்சகத்தில் ஏசி உண்டு. ஆட்களுக்காகப் போட்டது என்று நினைத்துவிடாதீர்கள். சூட்டில் காகிதம் நெளிந்தால் கலர் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராதாம், அதற்காகப் போட்டது. காகிதத்தின் புண்ணியத்தில் மச்சானும் பல வருஷமாகக் குளுகுளுவென்று இருந்தார். சித்திரை மாதத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன ஒரே ஆள் இந்த ஜில்லாவிலேயே அவராகத்தான் இருக்க வேண்டும்.

"மச்சான், இதைப் போட்டுக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல நிக்காதீக. கொடைக்கானல் போற ஆளுன்னு நெனச்சு ரூம் வேணுமான்னு கேப்பானுவ" என்பேன்.

"பொறாமைப்படாத மாப்ளே. ஏசிக்கும் ஒரு மூஞ்சி வேணும்" என்பார்.

காலண்டர் சீசன் தை மாதத்தோடு முடிந்துவிடும். அப்புறம் ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருஷக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் போடுகிறவரை அச்சகத்தில் மந்தம்தான். மற்ற வருஷங்களில் பைண்டிங் வேலை, லேபிள் வேலை என்று ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். இந்த வருஷம் பைண்டிங்குக்கு ஒரு மிஷினை வாங்கி நிறுத்திவிட்டு, "ஆடிக்கு வாங்க" என்று பாதி ஆட்களை அனுப்பிவிட்டார்கள். அக்காவுக்கு அப்போது வயிற்றில் ஏழு மாதம். ஆடி வரைக்கும் கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார முடியாது. அதனால்தான் மச்சான் ஸ்வெட்டரைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, நான் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனிக்கு வந்தார்.

எங்கள் கம்பெனி அச்சங்குளம் பக்கம், கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிறது. சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி. மருந்து இருக்கும் அறையில் கரண்ட் கிடையாது. அதனால் ஃபேன் கிடையாது. செல்போன், செருப்பு, நைலான் சட்டை எதுவும் உள்ளே வரக்கூடாது. வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். அதைத் தொட்டு உடம்பில் இருக்கிற கரண்டை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மச்சான் முதல் நாள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"மச்சான், அது சாமி இல்ல, தகடு."

"எதுக்கும் இருக்கட்டும்லே."

எனக்கு மேடை வேலை. ஃபேன்சி வெடியில் கலர் கலராகப் பூக்கிறதே, அதற்குள் இருப்பது மணி மருந்து. மிளகு அளவில் உருட்டின ஈர மருந்து. அதைத் தட்டுகளில் பரப்பி, திறந்தவெளிச் சிமெண்ட் மேடையில் வெயிலில் காயவைத்து, காய்ந்ததும் ஒவ்வொரு தட்டாக உள்ளே கொண்டுபோக வேண்டும். நடக்கும்போது தட்டு ஆடக்கூடாது. கீழே விழுந்து உரசினால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லாவற்றையும் கேலி பண்ணுகிற நானும் அந்த ஒன்றில் மட்டும் வாயைத் திறப்பதில்லை. எங்கள் வேனில் வருகிற ஒவ்வொருவருக்கும் துக்கம் கேட்கப் போய்வந்த வீடு ஒன்றாவது இருக்கும்.

மேடைக்குப் பொறுப்பு போர்மேன் அண்ணாச்சி. மீசைக்கு அடியில் வாய் இருக்கிறது என்பதே அவர் திட்டும்போதுதான் தெரியும். கோடையில் புதுசாக வருகிற ஆளை முதல் இரண்டு வாரம் காலை வெயிலில் மட்டும்தான் விடுவார். கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டுவார். அதற்கு 'வெயில் பழக்குறது' என்று பெயர். மச்சானிடமும் அதையே சொன்னார்.

"என்ன அண்ணாச்சி, எனக்கா வெயில் பழக்கணும்? நான் பொறந்ததே வெளியில கட்டில் போட்டுத்தான்" என்றார் மச்சான். "முழு நேரமும் நிக்கேன். கஷ்டத்துல இருக்கேன், பாத்துக்கோங்க."

அண்ணாச்சி மச்சானின் காலைப் பார்த்தார். கரிசலில் வெடித்த உள்ளூர்க் கால்தான். "சரி, நில்லுங்க. ஆனா ஒண்ணு. எம் மேடையில ஒரு தடவை தள்ளாடுனா, மறுதடவை மேடை ஏற முடியாது. சொந்தம் பந்தம் பாக்க மாட்டேன்."

அந்த நிபந்தனைதான் மச்சானின் தலைமேல் தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. உட்கார்ந்து எழுந்தால் தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். கேட்டால் யோசனை பண்ணுகிறேன் என்பார். தூணைப் பிடித்துக்கொண்டு யோசிக்க அவர் என்ன சிலையா? ராத்திரி கெண்டைக்கால் இழுத்து ஐயோ ஐயோ என்கிறார் என்று அக்கா சொன்னாள். பகலில் சூடு ஏறி முகம் சிவந்தாலோ, ரத்தம் இறங்கி வெளுத்தாலோ யாருக்கும் தெரியாது. மேடையில் நிற்கிற எங்கள் எல்லோர் முகத்திலும் அலுமினியப் பொடி அப்பி வெள்ளி முலாம் பூசின மாதிரிதான் இருக்கும்.

"மச்சான், கண்ணு இருட்டுதா?"

"உங்க அக்காகிட்டயும் சொல்லாத, அண்ணாச்சிகிட்டயும் சொல்லாத. நான் ஒரு வளி கண்டுபிடிச்சிருக்கேன்."

அவர் கண்டுபிடித்த வழி, வேப்பமரத்து நிழலில் இருந்த கோணி நனைக்கிற தொட்டி. தீப்பொறி வராமல் இருக்க அறை வாசலில் ஈரமாகப் போட வேண்டிய கோணிப்பைகளை அதில் ஊறப்போடுவார்கள். நல்ல ஆழம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, மச்சான் துண்டைக் கட்டி அதற்குள் இறங்கிவிடுவார். கழுத்து மட்டும் வெளியே. எருமை குட்டையில் படுத்திருக்குமே, அதே சுகம், அதே முகம்.

"கொம்புதான் பாக்கி மச்சான்."

"சிரிலே. நீ வாயால குடிக்கிற, நான் ஒடம்பால குடிக்கேன். பச்சைப்பயறை ஊறப்போட்டா எப்பிடிக் குடிக்குது? அதே மாதிரி தோலு தண்ணியை இளுக்கும்."

"பயறு முளை விடும். நீங்க என்ன விடுவீக?"

அவர் விட்டது என்ன என்று உடனே தெரிந்தது. தொட்டியை விட்டு எழுந்ததும் வேலி ஓரத்துக்கு ஓடினார். வெகுநேரம் நின்றார். திரும்பி வரும்போது முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"மாப்ளே, குளாத் தண்ணி மாதிரி வெள்ளையா போகுதுலே. காலையில மஞ்சளாப் போச்சு. இப்பப் பாரு! உள்ள தண்ணி எம்புட்டு ஏறியிருக்கு பாத்தியா?"

பத்தாம் வகுப்பில் அறிவியல் பரீட்சை அன்றைக்கு நான் இருக்கன்குடித் திருவிழாவில் ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தவன். அவர் சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது. உள்ளே நிறைந்தால்தானே வெளியே வழியும்?

இதில் எனக்கு ஒரு லாபமும் இருந்தது. அக்கா ஒரு பெரிய தூக்குவாளியில் உப்புப் போட்ட மோர் கொடுத்துவிடுவாள். உடம்பால் குடிக்கிற மனுஷனுக்கு மோர் எதற்கு? "நீயே குடி" என்று என்னிடம் கொடுத்துவிடுவார். நானும் மறுத்துப் பேசிப் பெரியவரைச் சங்கடப்படுத்துவதில்லை.

தொட்டியை விட்டு எழுந்த முதல் கொஞ்ச நேரம் மச்சான் ராஜா மாதிரி நடப்பார். அதற்கப்புறம் முன்பைவிட மோசமாகிவிடுவார். நாளாக ஆக, தொட்டியில் உட்காரும் நேரத்தைக் கூட்டினார். மயக்கமும் கூடியது. மயக்கம் கூடியதால் தொட்டி நேரத்தை இன்னும் கூட்டினார்.

கத்திரி தொடங்கியிருந்த ஒரு மத்தியானம். சாப்பாடு முடிந்து தட்டுகளை உள்ளே எடுக்கும் வேலை. மச்சான் மேடையிலிருந்து தட்டை எடுத்துக் கொடுக்க, நான் அறைவாசலில் நின்று வாங்கி உள்ளே வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தட்டைக் கொடுத்தார். என் இரண்டு கையும் அதைப் பிடித்துவிட்டன. அவர் கை விட்டுவிட்டது. "மாப்ளே, யாருலே லைட்டை அமத்துனது?" என்றார். பட்டப்பகலில், லைட்டே இல்லாத இடத்தில். அப்படியே முழங்கால் மடங்கியது.

தட்டு என் கையில். மச்சான் என் கண் முன்னால் சரிகிறார். தட்டைப் போட்டுவிட்டுப் பிடித்தால் அங்கே இருக்கிற எல்லோரும் காலி. போடாவிட்டால் மச்சானின் தலை சிமெண்டில் இடிக்கும். என் அக்கா புருஷன் விழுவதைப் பார்த்துக்கொண்டே மெதுவாகத் திரும்பினேன். ஓடக்கூடாது, ஆட்டக்கூடாது. உள்ளே போனேன். ரப்பர் விரிப்பில் தட்டைச் சத்தமில்லாமல் வைத்தேன். அந்தச் சின்ன அறையில் அவ்வளவு தூரம் இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வைத்துவிட்டு ஓடிவந்தால், அண்ணாச்சி மச்சானின் தலையைத் தன் மடியில் தாங்கிப் பிடித்திருந்தார். மேடையின் மறுகோடியில் நின்ற மனுஷர், எப்படி வந்து சேர்ந்தாரோ.

"ஏலே, நிழலுக்குத் தூக்கு! காலை மேல தூக்கிப் பிடி!"

மரத்தடியில் படுக்கவைத்து மச்சானின் இரண்டு காலையும் என் தோளில் போட்டுக்கொண்டேன். ஈரக் கோணியை மேலே விரித்தோம். அண்ணாச்சி துண்டை நனைத்து முகத்தைத் துடைத்தார். வெள்ளிப்பொடி போனதும் உள்ளே இருந்த முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. கொஞ்சத்தில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். முதலில் கேட்டது, "தட்டு?"

"பத்திரமா இருக்கு மச்சான். நீங்கதான் உடைஞ்சிட்டீக."

தூக்குவாளியில் நான் மிச்சம் வைத்திருந்த மோரை உறிஞ்சிக் குடித்தார். அண்ணாச்சி எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை. திட்டவில்லை. "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. நாளைக்கு மேடைக்கு வேண்டாம். அன்னைக்கே சொல்லிட்டேன்" என்றார், அவ்வளவுதான்.

வேனில் போகும்போது மச்சான், "உங்க அக்காகிட்ட என்னன்னு சொல்ல?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டார். எனக்கு அப்போது கேலி வரவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த டாக்டரம்மாவுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். மச்சானைப் படுக்கவைத்து பிரஷர் பார்த்தார். நிற்கவைத்துப் பார்த்தார். நின்றதும் பிரஷர் சடாரென்று இறங்கியது, நாடி குதியாட்டம் போட்டது. உப்புச் சர்க்கரைக் கரைசல் ஒரு சொம்பு கொடுத்து, ஈசிஜியும் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஹார்ட்ல கோளாறு இல்ல" என்றார். "தண்ணி குடிச்சீங்களா?"

"உள்ள நெறையவே இருக்கு டாக்டரம்மா. வெள்ளையா போகுது."

"வெள்ளையாவா? வரும்போது நாக்கு அப்படி வறண்டு கிடந்துச்சு, எப்படி வெள்ளையாப் போகும்?"

மச்சான் என்னை முறைத்தார். நான் சொல்லிவிட்டேன். தொட்டி, கழுத்து, பயறு, வேலி ஓரம், எல்லாம். டாக்டரம்மா முதலில் உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஏண்ணே, தோல் தண்ணி குடிக்காது. அதெல்லாம் உங்க உடம்புல ஏற்கெனவே இருந்த தண்ணி. அதைத்தான் தினமும் வேலி ஓரத்துல கொட்டிட்டு வந்திருக்கீங்க."

"அதெப்பிடி?"

"கழுத்தளவு தண்ணியில உட்கார்ந்தா, தண்ணி சுத்தி நின்னு உடம்பை அழுத்தும். கால்ல, வயித்துல, தோலுக்கடியில கிடக்குற ரத்தம் எல்லாம் நெஞ்சுக்கு ஏறும். இதயத்தோட மேலறை உப்பிக்கும். அதுக்கு நீங்க தொட்டியில இருக்கறது தெரியுமா? 'ரத்தம் ரொம்ப ஜாஸ்தியாயிடுச்சு'ன்னு நினைச்சுக்கும். உடனே ஒரு ஹார்மோனை ரத்தத்துல விடும். உப்பையும் தண்ணியையும் வெளிய அனுப்புன்னு கிட்னிக்கு உத்தரவு."

"இதயத்துக்கு அடிக்கிற வேலை மட்டுந்தானே?" என்றேன் நான். "கடுதாசி வேற போடுமா?"

"போடும்."

"அதான பாத்தேன். சில பேரைப் பாத்தா நமக்கே தெரியாமப் போட்டுருது."

டாக்டரம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "உங்களுக்கும் பிரஷர் பார்க்கணுமா? பெரிய ஊசி ஒண்ணு சும்மாதான் இருக்கு."

நான் அடங்கிக்கொண்டேன். அவர் மச்சானிடம் திரும்பினார். "வெயில்ல நிக்கும்போது உடம்பு சூட்டை வெளிய தள்ளணும். அதுக்காகத் தோல்ல இருக்குற ரத்தக்குழாய் எல்லாம் அகலமா விரிஞ்சுக்கும், ரத்தம் அந்தப் பக்கம் ஓடும். நின்னுக்கிட்டே இருந்தா காலுக்கும் இறங்கும். வேர்வையில வேற தண்ணி போகும். மூளைக்கும் குடுக்கணுமே, அதனால இதயம் வேகவேகமா அடிக்கும்."

எனக்குச் சட்டென்று விளங்கியது. "மச்சான், நம்ம கம்பெனி வேன் மாதிரி. இருக்கிறது ஒரே வேனு. வெயில் நேரத்துல தோலுக்கே ட்ரிப் அடிச்சுக்கிட்டிருக்கு. தலைக்கு வர வேண்டிய ட்ரிப்பை வேகமா ஓட்டிச் சமாளிக்குது. நீங்க என்னடான்னா தெனமும் மத்தியானம் டீசலை உறிஞ்சி வேலிக்கு ஊத்திட்டு வந்திருக்கீக."

"அதேதான்" என்றார் டாக்டரம்மா. நான் பள்ளிக்கூடத்தில் ஒரு தடவைகூடக் கேட்காத வார்த்தை அது.

மச்சான் கும்பிட்டார். "அதெல்லாம் சரி டாக்டரம்மா. எனக்கு வேலை போயிருச்சு. மேடையில நிக்க லாயக்கில்லாத ஒடம்புன்னு ஆயிருச்சு. அதுக்கு ஏதும் மாத்திரை இருக்கா?"

டாக்டரம்மாவின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. எத்தனை நாளாக இந்த வேலை, அதற்கு முன்னால் எங்கே என்று கேட்டார். ஏசி என்றதும் தலையாட்டினார். "உடம்பு லாயக்கில்லாதது இல்லண்ணே. பழகல, அவ்வளவுதான். தினம் கொஞ்ச நேரம் வெயில்ல வேலை பார்த்து, உப்பும் தண்ணியும் சரியாக் குடுத்தா, ரெண்டு வாரத்துல உடம்பு தானாக் கத்துக்கும். உப்பைப் பிடிச்சு வைக்கிற ஹார்மோனும் இருக்கு. அது வேலை செஞ்சு ரத்தத்துல தண்ணி கூடும். வேர்வை சீக்கிரமா வரும், அதுல உப்பு குறைஞ்சிருக்கும். இதயம் இம்புட்டு ஓட வேண்டியதில்ல."

"எங்க அண்ணாச்சி அதைத்தான் அன்னைக்கே சொன்னாரு" என்றார் மச்சான், தரையைப் பார்த்துக்கொண்டு.

நான் கம்பெனி ஆபீசுக்குப் போன் போட்டு அண்ணாச்சியைக் கூப்பிடச் சொல்லி, டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். அந்தப் பக்கக் குரல் எங்களுக்கும் கேட்டது.

"நீங்க சொல்லுதது சரிதாம்மா. ஆனா அந்த மேடையில பொம்பளைகளும் நிக்காக. இவரு தட்டோட விளுந்தா அவுக வீட்டுக்கு யாரு பதில் சொல்லுதது? நீங்க சொல்லுவீகளா?"

டாக்டரம்மா மச்சானை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "நீங்க பயப்படறது நியாயம்தான் சார். ரெண்டு வாரம் தட்டே கையில குடுக்க வேண்டாம். அதுக்கப்புறம் நான் பார்த்து அனுப்பறேன். ஆனா ஏத்துறதா வேண்டாமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும்" என்றார்.

அந்தப் பக்கம் ஒரு இருமல். "வரச் சொல்லுங்க."

வீட்டில் நடந்த விசாரணையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன்.

"நான் குடுத்துவிட்ட மோரு எங்க போச்சு?" என்றாள் அக்கா. மச்சான் என்னைக் கை காட்டினார். ஏழு மாதக் கர்ப்பிணி விளக்குமாற்றோடு அவ்வளவு வேகமாக வருவாள் என்று எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை.

இரண்டு வாரமும் மச்சான் காலை வெயிலில் மேடையைக் கூட்டினார், வெறும் தட்டுகளைக் கழுவினார், கோணி நனைத்தார். நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. வெயில் ஏறினால் அட்டைப்பெட்டி கோடவுனில் லேபிள் ஒட்டினார். மோர் அவர் வாய்க்குள்தான் போகிறதா என்று பார்க்க அக்கா மேடையில் நிற்கும் ஒரு மதினியைக் காவலுக்குப் போட்டிருந்தாள். மச்சானின் சட்டை முதுகில் தினமும் வரைபடம் மாதிரி வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். போகப்போக அது மங்கியது. கெண்டைக்கால் இழுப்பும் நின்றது. டாக்டரம்மா திரும்ப நிற்கவைத்துப் பிரஷர் பார்த்தார், இறங்கவில்லை.

அண்ணாச்சி அதற்கும் சரி என்று சொல்லவில்லை. நல்ல உச்சி வெயிலில் ஒரு நாள் மச்சானைக் கூப்பிட்டார். "மேடை ஏறுங்க" என்றார். மற்ற எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அவர் மட்டும் மச்சானுக்குப் பக்கத்தில் ஓரடி விட்டு நின்றார். நான் வாசலில் நின்றேன். மச்சான் குனிந்து தட்டை எடுத்தார். நிமிர்ந்தார். எனக்கு நெஞ்சு அடித்த அடியில் என் இதயம் எத்தனை கடுதாசி போட்டிருக்குமோ தெரியாது. வியர்வை அவர் நெற்றியிலிருந்து தாரை தாரையாக இறங்கியது. கால் அசையவில்லை. கண் தெளிவாக இருந்தது. நடந்து வந்து தட்டை என் கையில் கொடுத்தார்.

"லைட்டு எரியுதா மச்சான்?" என்றேன் மெதுவாக.

"நல்லா எரியுது. நீ தட்டைப் பாத்துப் பிடி."

திரும்பிப் போய் அடுத்ததை எடுத்தார். அதற்கடுத்ததையும். அண்ணாச்சி அவர் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்தவர், ஒரு கட்டத்தில் நின்றுவிட்டார். தள்ளி நின்ற பெண்களைப் பார்த்து, "என்னத்தா, கூத்தா நடக்கு? அவரு ஒத்தையில எம்புட்டு எடுப்பாரு? வந்து வேலையைப் பாருங்க" என்று சத்தம் போட்டார். அவர்கள் மச்சானைச் சுற்றி மேடையில் ஏறினார்கள்.